இருபத்தாறு அத்தியாயங்களும் ஒரு டிரைவரும்

சொந்த அக்காவின் குரலைத் தொலைத்தவன் என்ற பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது. மூன்று மணி நேரம் அந்தப் பெயரை நானே எனக்கு வைத்துக்கொண்டு அலைந்தேன்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்து தரும் நூலகம் ஒன்று இருக்கிறது. ஒரு அலுவலக அறை, ஒரு பதிவு அறை, இரண்டுக்கும் நடுவே அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இடுக்கு. அந்த இடுக்கில்தான் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வர். பின்பக்கம் உடைந்த நாற்காலிகள் போடும் அறை. சம்பளத்துக்கு நான் ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். இங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வது சும்மா. அக்கா சொன்னாள், வந்து மாட்டிக்கொண்டேன்.

அக்கா தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருக்கிறாள். பதினேழு வருடமாக வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்து ஒரு மணி நேரம் வாசிப்பாள். வீட்டில் என்னைத் திட்டுகிற குரலும் மைக்கின் முன்னால் வாசிக்கிற குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் வாசித்தால்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல் நாணில் சின்னதாக ஒன்று, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். குரல் திரும்பி வருமா என்று கேட்டதற்கு, வரும், ஆனால் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டார். அக்கா அழவில்லை. கையில் எடுத்திருந்த நாவலில் எத்தனை அத்தியாயம் பாக்கி என்று விரலை மடக்கி எண்ணினாள். இன்னும் தொடங்கவே இல்லை, மொத்தம் முப்பத்தொன்று. ஐந்து வாரம் விடுப்புப் போட்டுவிட்டுத் தினமும் வாசித்தாள். மற்ற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் உத்தரவு போட்டிருந்ததால், ஒரு கட்டுத் துண்டுச்சீட்டும் பேனாவும் எப்போதும் அவள் கையில் இருந்தன. திட்டுவதெல்லாம் எழுத்தில்தான். எழுத்தில் திட்டு இன்னும் சுருக்கென்று இருக்கும், அதையும் தெரிந்துகொண்டேன்.

சம்பவம் நடந்த நாள் அறுவைக்கு முந்தின நாள். மாலை ஆறு மணிக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும். அதற்குள் கடைசி மூன்று அத்தியாயங்களை முடித்துவிடுவது என்று திட்டம்.

இந்த நேரம் பார்த்து சர்வரை ஏன் நோண்டினாய் என்று கேட்பீர்கள். அத்தானும் அதையேதான் கேட்டார். எனக்கு ஒரு ஆசை. அக்கா மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது, புத்தகம் முழுவதும் நேயர்களின் கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவர்கள் அனுப்பும் செய்திகளை அவள் கட்டிலில் படுத்தபடியே கேட்க வேண்டும். அதற்கான மென்பொருள் பழைய சர்வரில் ஓடாது. சர்வரை இயக்கும் லினக்ஸை அடுத்த பதிப்புக்கு ஏற்றினால்தான் ஓடும். ஏற்றிவிடலாம், ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். கை சும்மா இருக்காதவனுக்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்.

ஒரு சங்கடம். இந்த வேலையில் சர்வரை ஐந்தாறு தடவை நிறுத்தி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதன் விசிறிகள் கிளம்பும்போது இடுக்கே அதிரும். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் அக்கா வாசித்துக்கொண்டிருப்பாள். ஒலிப்பதிவாளர் விடமாட்டார். அவரை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கீழே டயர் கடையில் திருகாணி விழுந்தால் கையைத் தூக்கிப் பதிவை நிறுத்துகிறவர். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சர்வரை அணைத்தேன். லினக்ஸ் இருக்கும் சின்ன டிஸ்க்கை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி, பின் அறைக்குக் கொண்டுபோய், அங்கே கிடந்த ஒரு பழைய கணினியில் மாட்டி, முதல் நாள் முழுவதும் அங்கேயே வைத்து மேம்படுத்தி முடித்தேன். அங்கே எல்லாம் அல்வா மாதிரி நடந்தது. இந்தப் பக்கம் சர்வர் இல்லாத நிசப்தத்தில் அக்கா இருபத்தேழையும் இருபத்தெட்டையும் முடித்தாள். இப்படி ஒரு அமைதி வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று காது என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா இருபத்தொன்பதாவது அத்தியாயத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சர்வர் எழுந்து முடிகிறவரை விசிறி விஷயத்தில் பொறுத்துக்கொள்ளும்படி காதிடம் கெஞ்சி, ஒரே ஒரு முறைதான் என்று சத்தியம் செய்து, டிஸ்க்கைச் சர்வரில் பழைய இடத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

விசிறி இரைந்து அடங்கியது. திரையில் கெர்னலின் வரிகள் ஓடின. கெர்னல் என்பது லினக்ஸின் உயிர், முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். வரிகள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன. இரண்டு நிமிடம் நின்றபின், டிஸ்க்கைக் காணோம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவசரத்துக்கென்று வைத்திருக்கும் மொட்டைத் திரை, கட்டளைக்குக் காத்திருக்கும் ஒரு கோடு.

சரி, கேபிள் ஆடியிருக்கும் என்று சரிசெய்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே வரி. இருக்கிற டிஸ்க்குகளையெல்லாம் காட்டு என்று கட்டளை கொடுத்தேன். பட்டியல் காலி. சின்ன டிஸ்க் மட்டுமல்ல, நான் கையே வைக்காத இரண்டு பெரிய டிஸ்க்குகளும் இல்லை. பதிவுகள் எல்லாம் அந்தப் பெரிய டிஸ்க்குகளில்தான் இருந்தன.

சர்வருக்குள் மூன்று டிஸ்க்குகளும் ஒரே இணைப்புக் கார்டில்தான் செருகியிருக்கும். முதல் நாள் கேபிளை இழுத்தபோது அந்தக் கார்டு கொஞ்சம் அசைந்தது ஞாபகம் வந்தது. என் கையிலிருந்து மின்சாரம் பாய்ந்து கார்டு போய்விட்டது, போகும்போது டிஸ்க்குகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பெரிய டிஸ்க்குகளை வேறு கணினியில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் அவற்றின் இணைப்பு வேறு மாதிரி, கார்டு இரண்டு மாதிரியையும் ஏற்கும், பின் அறைக் கணினி ஏற்காது. பழைய கெர்னலைக் கொண்டு எழுப்பலாம் என்றால், இடம் போதவில்லை என்று முதல் நாள்தான் அதை அழித்திருந்தேன். ஆபத்துக்கு உதவுமென்று தனியாக இருந்த இன்னொன்றையும் சேர்த்தே அழித்திருந்தேன், சுத்தமாக இருக்கட்டுமே என்று.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மாதத்தின் முதல் தேதி எடுக்க வேண்டியது என் வேலை. இந்த மாதம் மேம்படுத்தி முடித்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அக்காவின் புத்தகம் தொடங்கியதோ போன மாதப் பிரதிக்குப் பிறகு. காதின் கணினியிலோ இடம் குறைவு. சர்வருக்கு அனுப்பியதும் தன் பக்கம் அழித்துவிடுவார், அவரும் என்னைப் போல ஒரு சுத்தக்காரர். சர்வர் இல்லாத நேரத்தில் பதிவான கடைசி இரண்டு மட்டும் அவரிடம் இருந்தன. ஆக முதல் இருபத்தாறு அத்தியாயங்களும் இந்த உலகத்தில் அந்த இரண்டு டிஸ்க்குகளில் மட்டும்தான் இருந்தன. மறுபடி வாசிக்கவைக்கலாம் என்றால், நாளைக்குக் காலையில் தொண்டையில் கத்தி.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னையே நான்கு அறை அறையலாம் போலிருந்தது.

பாதியில் ஒரு இடைவெளி விட்டுக் காது எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து சர்வரின் பக்கவாட்டில் காதை வைத்தார். நீண்ட நேரம் அப்படியே இருந்தார்.

“ரெண்டு பெருசும் சுத்துது,” என்றார். “இடது பக்கத்துல இருக்கறது எப்பவும் ஒரு சுருதி ஏத்தமா இருக்கும். இப்பவும் அப்படித்தான் இருக்கு.”

சுற்றினால் போதுமா, படிக்க வேண்டாமா என்று எரிந்து விழுந்தேன். அவர் திரும்பிப் போய்ப் பதிவைத் தொடர்ந்தார். பாவம், அந்த மனிதர் சொன்னதில் பாதி விடை இருந்தது. எனக்குத்தான் அப்போது காதில் ஏறவில்லை.

நடுவில் அத்தான் வேறு போன் செய்தார். அறை தயார், ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும், அவள் நன்றாக வாசிக்கிறாளா என்று கேட்டார். பிரமாதமாக வாசிக்கிறாள் என்றேன். அது ஒன்றுதான் அன்று காலை நான் சொன்ன உண்மை.

பன்னிரண்டு மணிக்கு அக்கா வெளியே வந்தாள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெந்நீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சீட்டில் எழுதி நீட்டினாள். ‘என்ன, ரெண்டு பேர் முகத்துலயும் ஈயாடல?’

ஒன்றுமில்லை என்றேன். காதுக்குப் பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும், கார்டு போயிருக்கலாம், டிஸ்க்கும் போயிருக்கலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அக்கா ஒற்றைச் சொல்லை எழுதிக் காட்டினாள். ‘பேக்கப்?’

நான் தரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அம்மா போனபோதுதான். அன்றைக்கு இரண்டாவது தடவை பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இடுக்குக்குள் வந்தாள். திரையில் நின்றுபோயிருந்த வரிகளை ஏற இறங்கப் பார்த்தாள். இங்கிலீஷில் என்னவோ நூறு வரி. பிறகு எழுதினாள்.

‘டிஸ்க்கே தெரியலன்னா இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?’

முப்பது வருடம் தபால் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். எந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாலும் முதலில் திருப்பி, அனுப்புநர் முகவரியைத்தான் பார்ப்பாள். கோபத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“அது கெர்னல் எழுதறது அக்கா,” என்றேன் சலிப்போடு. “உனக்குச் சொன்னாப் புரியாது.”

‘கெர்னல் எங்கே இருக்கு?’

“டிஸ்க்குலதான்...”

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கெர்னல் இருந்தது அந்தச் சின்ன டிஸ்க்கில். சின்ன டிஸ்க் செருகியிருந்தது அந்தக் கார்டில். கார்டு செத்திருந்தால் கெர்னல் எழுந்தே இருக்காது, ஒரு வரிகூடத் திரைக்கு வந்திருக்காது. இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் வரி வரியாகப் பேசியிருக்கிறது. கார்டு உயிரோடு இருக்கிறது. டிஸ்க்கும் இருக்கிறது. கெர்னலுக்குத்தான் அவற்றைப் பார்க்கத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பது அடுத்த நொடியே விளங்கியது. சர்வரை எழுப்பும்போது கார்டு தன்னிடம் உள்ள சின்ன நிரலைக்கொண்டு கெர்னலை எடுத்துக் கொடுத்துவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. அதன்பின் கெர்னல் தன் சொந்த டிரைவரை, அதாவது கார்டின் பாஷை தெரிந்த துணை நிரலைக்கொண்டுதான் கார்டோடு பேச வேண்டும். அந்த டிரைவர்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி கெர்னலோடு வைத்திருப்பார்கள். மேம்படுத்தும்போது அந்த மூட்டையைப் புதிதாகக் கட்டுவது லினக்ஸ். இடத்தை மிச்சம் பிடிக்க, அப்போது கண்ணெதிரே எந்தக் கணினி இருக்கிறதோ அதற்கு வேண்டியதை மட்டும் கட்டும். நேற்று அதன் கண்ணெதிரே இருந்தது பின் அறைக் கணினி. அங்கே இந்தக் கார்டு இல்லை. இல்லாத கார்டுக்கு டிரைவர் எதற்கு என்று விட்டுவிட்டது. வெயில் ஊரில் உட்கார்ந்து பெட்டி கட்டிவிட்டுக் குளிர் ஊரில் போய்ப் போர்வையைத் தேடிய கதைதான். டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு அறை மாறியவன் நான். அக்காவின் வாசிப்பு கெடக் கூடாது என்று நான் செய்த அந்த ஒரு காரியம்தான் அத்தனைக்கும் காரணம்.

சிரிக்கவும் முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, போகல அக்கா, ஒண்ணும் போகல என்று இரண்டு முறை சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். என் பேச்சுக்கு அன்று அவ்வளவுதான் மரியாதை.

டிஸ்க்கைக் கழற்றி மறுபடி பின் அறைக்கு ஓடினேன். ஒரு பயம் மட்டும் பாக்கி இருந்தது. புதிய கெர்னல்களில் பழைய கார்டுகளுக்கான டிரைவரைச் சில சமயம் ஒரேயடியாக எடுத்தே விடுவார்கள். தேடிப் பார்த்தேன். இருந்தது. மூட்டையில் சேர்க்காமல் விட்டிருந்ததே தவிர, ஆள் பத்திரமாக உள்ளேயே இருந்தார். அவர் பெயரைச் சொல்லி, இவரையும் சேர்த்துக் கட்டு என்று கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மணி நேரம் என் உயிரை வாங்கிய விஷயம்.

டிஸ்க்கைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டி அழுத்தினேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள், காது கதவருகே. வரிகள் ஓடின. முன்பு நின்ற இடத்தில் ஒரு கணம் தயங்கின. பிறகு கார்டின் பெயர் வந்தது, அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று டிஸ்க்குகள் வந்தன. மேலே ஓடியது. கடைசியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றது. அப்பாடா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்தேன். காலி.

போன உயிர் திரும்பி வந்த வேகத்திலேயே மறுபடி கிளம்பியது. அக்கா என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அப்புறம் எனக்கே நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். பின் அறையில் பெரிய டிஸ்க்குகள் இல்லை என்பதால், அவற்றைத் தேட வேண்டாம் என்று நேற்று நானே அமைப்புக் கோப்பில் ஒரு வரியை நிறுத்தி வைத்திருந்தேன். அதை மறுபடி உயிர்ப்பித்தேன். அத்தியாயங்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை.

முதலாவதைத் தட்டினேன். அக்காவின் குரல் அந்த இடுக்கு முழுவதும் நிறைந்தது. புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வாசிப்பவர் பெயர் சொல்லாமல் ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் கதை. கட்டியின் வலி முற்றுவதற்கு முன்பு வாசித்தது, நிமிர்ந்து நிற்கிற குரல். அக்கா தன் குரலைத் தானே தலைகுனிந்து கேட்டாள். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மறைக்கவில்லை. காது சட்டென்று பக்கத்து அறைக்குப் போய் எதையோ தேடுவது போலப் பாவனை செய்தார்.

அதன்பின் நான் செய்த முதல் வேலை பிரதி எடுத்தது. காதின் கணினியில் வேண்டாததையெல்லாம் அழிக்கவைத்து ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, என் பையில் இருந்த இன்னொன்றில் ஒன்று.

இரண்டு மணிக்கு முப்பதாவது அத்தியாயத்துக்கு அக்கா எழுந்தபோது காது கையைத் தூக்கினார். புதிய கெர்னலுக்கு விசிறியை அடக்கத் தெரியவில்லை. அதையும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. சுவர் வழியாக மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டிருந்தது.

“அத நிறுத்தினாத்தான் பதிவு செய்ய முடியும்,” என்றார். “இல்லன்னா ரெண்டு அத்தியாயத்துலயும் ஊடாடும்.”

மூன்று மணி நேரம் குட்டிக்கரணம் அடித்து ஓடவைத்ததை நிறுத்தச் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதும் நியாயம்தான். நான் இடுக்குக்குள் போகத் திரும்பினேன். அக்கா சீட்டை எடுத்தாள், எழுதப் போனாள், பின் பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஓடட்டும்,” என்றாள். வாசிப்பதற்கென்று அவள் சேமித்து வைத்திருந்த குரலில் கொஞ்சத்தை எங்களுக்காகச் செலவு செய்தாள். “அது ஓடறது கேட்டாத்தான் நான் நிம்மதியா வாசிப்பேன்.”

திருகாணி விழுந்தாலே பதிவை நிறுத்துகிற காது போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தேகாலுக்குப் புத்தகம் முடிந்தது. அந்தக் கடைசி இரண்டு அத்தியாயங்களில் இன்றைக்கும் அந்த ரீங்காரம் இருக்கிறது. அதை வடிகட்டி எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, கையை வைத்துப் பார், அப்புறம் தெரியும் சேதி என்றார் காது.

மறுநாள் அறுவை முடிந்தது. அதற்குள் புத்தகம் எல்லோருக்கும் போய்விட்டது. மூன்று வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்றார்கள். அக்கா கட்டிலிலும் பிறகு வீட்டிலும் நேயர்களின் செய்திகளைக் கேட்டுக்கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி என்னைத் தட்டச்சு செய்யவைத்தாள்.

மூன்று வாரம் முடிந்த அன்று மருத்துவர் அறையில் அத்தானும் நானும் சுவரோரமாக நின்றோம். குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்துவிட்டு, இப்போது ஏதாவது மெதுவாகப் பேசுங்கள் என்றார் மருத்துவர். அத்தான் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். தன்னைத்தான் முதலில் கூப்பிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அக்கா எச்சிலை விழுங்கினாள். அத்தானைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“டேய், இந்த மாசம் பேக்கப் எடுத்தியா?”

கொஞ்சம் கனத்திருந்தது, ஓரத்தில் லேசாகக் கரகரத்தது. ஆனால் அவள் குரல்தான். எடுத்துவிட்டேன் அக்கா, மூன்று என்றேன்.